மூன்றையும் காட்டினால்தான் கிளம்பும்

கட்டைக்குக் கேப்டன் மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. நேற்று முளைத்ததல்ல. வருடக்கணக்கில் ஊறிப் புளித்து, கொட்டவும் மனமில்லாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் கிடந்தது. அந்த மனுஷன் ஒரு நாள்கூட அவன் சொன்ன சொல்லை நம்பியதில்லை. அதுதான் விஷயம்.

கட்டை என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. நிற்கும் விமானம் உருண்டு ஓடிவிடாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைப்பதும் எடுப்பதும் அவன் வேலை. ஆளும் குள்ளம். பிறகு வேறு பெயர் எதற்கு? கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்று, காதோரம் நரைத்த பிறகும் கட்டை கட்டையாகவே இருந்தான்.

அது வாடகைக்கு விமானம் விடுகிற சின்னக் கம்பெனி. பெரிய விமான நிலையத்தின் பின்பக்கம், வேலியோரமாக ஒரு தகர ஷெட். அதற்குள் இரண்டு விசிறி வைத்த, எட்டுப் பேர் உட்காரும் ஒரு பழைய விமானம். அதைக் கழுவுவது, பெட்டி ஏற்றுவது, மூக்குச் சக்கரத்தில் இரும்புக் கம்பியை மாட்டி வெளியே இழுத்து நிறுத்துவது எல்லாம் கட்டை. ஓட்டுவது கேப்டன். ஆள் பிடிப்பதும் அதட்டுவதும் முதலாளி.

விமானத்தின் மூக்குக்குக் கீழே விரல் பருமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் காற்று புகுந்தால்தான் உள்ளே வேகம் காட்டும் முள் அசையும். குளவிக்கு அந்தக் குழாய் என்றால் மாமியார் வீட்டு விருந்து மாதிரி. கொஞ்சம் அசந்தால் மண்ணைக் கொண்டுவந்து அடைத்துக் குடித்தனம் வைத்துவிடும். அதனால் நிற்கும்போதெல்லாம் அதற்கு ஒரு துணிக் குல்லாய் மாட்டிவைப்பார்கள். கண்ணில் படுவதற்காகக் குல்லாயில் சிவப்பு நாடா தொங்கும்.

ஆக, கிளம்பும் முன் எடுக்க வேண்டியவை மூன்று: சக்கரத்துக் கட்டை, கம்பி, குல்லாய். எந்த ஊரிலும் இவற்றை எடுத்துவிட்டுத்தான் பறக்கிறார்கள். ஆனால் கேப்டனுக்கு எடுத்தால் போதாது. காட்ட வேண்டும். இடது இறக்கைக்கு முன்னால், அவர் கண்ணுக்கு நேராக இவன் போய் நிற்க வேண்டும். கட்டைகளைக் கயிற்றோடு தோளில் தொங்கவிட்டு, ஒரு கையில் கம்பியையும் மறு கையில் குல்லாயையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். கேப்டன் ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகப் பார்த்து, விரலை மடக்கி எண்ணி, மூன்று விரலைக் காட்டுவார். அப்புறம்தான் விசிறி சுற்றும்.

ஜன்னலோரத்தில் இருக்கும் பயணிகளுக்கு நல்ல வேடிக்கை. திருடிய சாமானோடு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போட்டோவுக்கு நிறுத்தப்பட்டவன் மாதிரி கட்டை நிற்பான். செல்போனில் படம் பிடிப்பார்கள். ஒருமுறை ஒரு சின்னப் பெண் கண்ணாடிக்குப் பின்னால் அவனைப் போலவே இரண்டு கையையும் தூக்கிக் காட்டியது. குடும்பமே குலுங்கிச் சிரித்தது. அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேட்டும் பார்த்தான்.

"எடுத்துட்டேன்னு வாயால சொல்றேன்ல சார். என் பேச்சுக்கு மதிப்பே இல்லையா?"

"பேச்சுல பறக்கிற விமானம் இன்னும் வரலடா. வந்தா சொல்றேன். இப்ப காட்டு."

அதற்கு மேல் அவரோடு மல்லுக்கு நிற்க முடியாது.

இத்தனைக்கும் கேப்டன் கெட்ட மனுஷனில்லை. சிடுமூஞ்சி, அவ்வளவுதான். அந்தச் சிடுசிடுப்புக்கும் காரணம் இருந்தது. விமானம் ஓட்டுவது என்றால் பறந்துகொண்டே இருக்கிற வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். வாடகை விமானத்தில் அது உட்கார்ந்தே இருக்கிற வேலை. காலையில் வருகிறேன் என்று சொன்ன பெரிய மனிதர் மத்தியானம் வருவார். மத்தியானம் என்றவர் மறுநாள் வருவார். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் முகூர்த்தமே முடிந்திருக்கும். கேப்டன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி உட்கார்ந்தே அவருக்குத் தொந்தி விழுந்தது. மாமனார் சாவுக்குப் போக முடியவில்லை. மகன் பள்ளிக்கூட மேடையில் பரிசு வாங்கியதைப் படத்தில்தான் பார்த்தார்.

"எனக்குச் சக்களத்தி யாரும் இல்ல தம்பி. யாரோ ஒரு வராத பாசஞ்சர்தான்" என்பாள் கேப்டனின் மனைவி. கம்பெனி வண்டியில் அவரை அழைத்துவரப் போகும்போது கட்டை அவளிடம் இரண்டு வார்த்தை பேசுவான். அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

ஒருநாள் மனம் பொறுக்காமல் அவளிடமே முறையிட்டான்.

"அக்கா, சார் என்னைத் திருட்டுப்பய மாதிரி நிக்க வெக்கிறார். ஒருநாளாவது நம்புங்கன்னு சொல்லுங்களேன்."

அவள் சிரித்துவிட்டாள். "நல்ல ஆளைப் பார்த்து சிபாரிசு கேட்டே போ. கல்யாணமாகி இத்தனை வருஷம். கேஸை மூடிட்டேன்னு சொன்னா, எழுந்துபோய்ப் பார்த்துட்டு வந்துதான் படுப்பார். வாசக் கதவைப் பூட்டிட்டேன்னா, போய் இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் கோபம் வந்து, நான் பெத்தது உங்க புள்ளைதான்னாவது நம்புவீங்களான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"மூக்கைப் பார்த்தா நம்பலாம்னார்."

உள்ளேயிருந்து கேப்டனின் குரல் வந்தது. "அங்க என்ன மாநாடு? நேரமாச்சு."

வெளியே வந்தவர் கதவைப் பூட்டச் சொல்லி, பூட்டியதை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தார்.

இவ்வளவு பார்க்கிற மனுஷன் தன் சொந்தக் காரை மட்டும் கவனித்ததே இல்லை. ஹேண்ட் பிரேக் செத்துப் பல காலம். கம்பெனி வண்டி வராத நாட்களில் அதில்தான் வருவார். ஷெட்டுக்கு வெளியே கார் நிறுத்துமிடம் சரிவு என்பதால், கட்டை சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுப்பான். கிளம்பும்போது எடுப்பான். அதைக் காட்டச் சொன்னதில்லை. "கார் உருண்டா நான் ஒருத்தன்தானே. போகட்டும்" என்பார்.

எல்லாக் காத்திருப்புக்கும் மேலே கேப்டன் இன்னொன்றுக்காகவும் காத்திருந்தார். ஜெட். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லியிருந்தார், "அடுத்த வருஷம் ஜெட் வாங்கறோம் கேப்டன். நீங்கதான் ஓட்டறீங்க." அந்த அடுத்த வருஷம் வந்துகொண்டே இருந்தது. பெரிய கம்பெனிகள் கூப்பிட்டபோது இதை நம்பித்தான் அவர் போகவில்லை. கூப்பிடுகிற வயதும் தாண்டியது. இலவு காத்த கிளிக்காவது பஞ்சு பறப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

ஷெட்டின் உள்சுவரில் கேப்டன் சாக்கட்டியால் அந்த ஜெட்டின் முன்பலகையை வரைந்து வைத்திருந்தார். வட்டம் வட்டமாக முட்கள், வரிசை வரிசையாகப் பொத்தான்கள், எல்லாம் அதனதன் இடத்தில். பயணிகள் வராத நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொள்வார். வாய்க்குள் முணுமுணுத்தபடி ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுத் தொட்டு வருவார். தொட்டுத் தொட்டு அழிந்த இடத்தை மறுபடி வரைவார்.

"சார், எதுவரைக்கும் போயிட்டீங்க?" என்று கட்டை கேட்பான்.

"மேகத்துக்கு மேல. தொந்தரவு பண்ணாதே."

"இறங்கும்போது டீ வாங்கிட்டு வரவா?"

"சக்கரை கம்மி."

ஒருவழியாக அந்த அடுத்த வருஷம் வந்தே விட்டது. சிமெண்ட் கம்பெனிக்காரர் ஒருவர் கூட்டுச் சேர்வதாகப் பேச்சு. பாதிப் பணம் அவருடையது. ஜெட் வாங்குவதும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அவர் ஒருமுறை பழைய விமானத்தில் பறந்து, கம்பெனி எப்படி, ஓட்டுகிறவர் எப்படி என்று பார்க்க வேண்டும் என்றாராம்.

அன்று காலையிலேயே முதலாளி ஷெட்டுக்கு வந்துவிட்டார். பக்கத்தில் கட்டை துடைத்துக்கொண்டிருப்பதைப் பொருட்படுத்தாமல் கேப்டனிடம் பேசினார்.

"இன்னிக்கு அவர் விமானத்தைப் பார்க்க வரல கேப்டன். உங்களைத்தான் பார்க்க வர்றார். அவருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா ஜெட் உங்க கையில. புரியுதா?"

"புரியுது."

"அப்புறம், இந்த ஆளைக் கையைத் தூக்கி நிக்க வெச்சு வித்தை காட்டுவீங்களே, அது இன்னிக்கு வேண்டாம். போன தடவை வந்தவங்க, என்ன சர்க்கஸ் கம்பெனியான்னு கேட்டாங்க. எனக்கு மானம் போச்சு."

கேப்டன் சுவரைப் பார்த்தார். சாக்கட்டி முட்களையும் பொத்தான்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

கட்டைக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் முதலாளி வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அது என்று நினைத்தான். பெரிய விமான நிலையத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்து விமானத்தை அனுப்புவதைப் பார்த்திருக்கிறான். இன்றைக்கு அப்படி ஒன்று அடித்துவிடுவது என்று முடிவு செய்தான்.

சிமெண்ட்காரர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. யார்தான் வந்தார்கள்? கேப்டன் விமானத்தைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். அப்போது குல்லாய் கழற்றியிருந்தது. வெயில் ஏறியது. ஆள் வரக் காணோம். மூக்குப் பக்கம் ஒரு குளவி வந்து வட்டமிட்டது.

"கட்டை, குல்லாயைப் போட்டு வை. அவங்க வந்ததும் எடுத்துக்கலாம்."

போட்டான்.

கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சட்டையில் வேர்வை படிந்துவிடுமோ என்று முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்தார். உச்சி வெயில் சாய்ந்த பிறகு திமுதிமுவென்று நாலு கார் வந்தது. வந்தவர்களுக்கு இப்போது ஒரு நிமிஷம் பொறுக்காது.

"டேய், அந்தப் பெட்டியை எடு! கேப்டன், ஏறுங்க, ஏறுங்க. சார் அவசரமாப் போகணும்" என்று முதலாளி பறந்தார்.

கட்டை பெட்டிகளைச் சுமந்தான். சக்கரத்துக் கட்டைகளை எடுத்தான். மூக்குச் சக்கரத்துக் கம்பியைக் கழற்றி, எல்லாவற்றையும் ஓரமாகப் போட்டான். குனிந்தவன் நிமிர்வதற்குள், "டேய், தண்ணி பாட்டில் எங்கடா? ஓடு!" என்றார் முதலாளி. ஓடினான். பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுத்து, கதவைச் சாத்தி, இடது இறக்கைக்கு முன்னால் வந்து நின்றான்.

கேப்டன் வழக்கம்போல ஜன்னல் வழியாகப் பார்த்தார். வலது கை தானாக உயர்ந்து, விரல்கள் எண்ண ஆரம்பித்தன. எண்ணுவதற்கு எதிரே ஒன்றும் இல்லை. பின்னால் திரும்பிப் பயணிகளைப் பார்த்தார். விரல்களை மடக்கிக்கொண்டார்.

கட்டை காலைச் சேர்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். வாழ்க்கையிலேயே முதல்முறையாக வெறுங்கையோடு நின்று விமானத்தை அனுப்பினான். விசிறிகள் சுற்றின. விமானம் நகர்ந்து போனது.

சீட்டியடித்தபடி ஷெட்டுக்குள் வந்தவன் கட்டைகளை மூலையில் போட்டான். கம்பியைச் சுவரில் சாத்தினான். குல்லாய் மாட்டுகிற ஆணி வெறுமையாக இருந்தது.

சீட்டி நின்றது.

குல்லாயைக் கழற்றியது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. காலையில் கழற்றினான். அது கையில் இருந்த சூடுகூட நினைவிருந்தது. திரும்பப் போட்டதுதான் இப்போது, அந்த ஆணியைப் பார்த்த பிறகுதான், நினைவுக்கு வந்தது.

"சார்! சார்!" என்று கத்திக்கொண்டு புல்லின் மேல் ஓடினான். யாருக்குக் கேட்கும்? விமானம் ஓடுபாதையில் வேகம் பிடித்துவிட்டது. அவனைத் தாண்டிப் போகும்போது மூக்குக்குக் கீழே அந்தச் சிவப்பு நாடா படபடவென்று அடித்துக்கொண்டது.

உள்ளே வேக முள் எழும்பாததைக் கேப்டன் பார்த்துவிட்டார். விசிறியின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. பிரேக் அலறியது. ஒரு டயர் வெடித்தது. விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், பாதையை விட்டு இறங்கி, கடைசிப் பள்ளத்துக்கு முன்னால் புல்லில் நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கட்டை மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் இறங்கி நின்றார்கள். சிமெண்ட்காரரின் சட்டை முழுக்கத் தண்ணீர். அவர் நேராக மூக்குப் பக்கம் வந்து, குனிந்து, நாடாவைப் பிடித்து இழுத்தார். குல்லாய் கையோடு வந்தது.

"இது என்ன கேப்டன்? திருஷ்டிக்கா?"

கேப்டன் அவர் கையிலிருந்து குல்லாயை வாங்கி, கட்டையிடம் நீட்டினார்.

ஷெட்டுக்கு வந்ததும் முதலாளி குதித்தார். "யாருடா காரணம்? நீதானே? குல்லாயை எடுக்கிறதைவிட உனக்கு என்ன வேலை?"

"நீங்கதான் சார் தண்ணி பாட்டில்…" என்று கட்டை ஆரம்பித்தான்.

"கட்டை, வாயை மூடு" என்றார் கேப்டன். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "அவன் எடுக்கல. அது அவன் தப்பு. ஆனா அவன் மறப்பான், நானும் மறப்பேன்னுதான் அந்தச் சர்க்கஸே. நீங்க வேண்டாம்னீங்க. சரின்னது யாரு? நான். இந்த வாய்தான். ஒரு சுவத்துல கிறுக்கினதுக்கு ஆசைப்பட்டு, எட்டுப் பேரைக் கொல்லப் பார்த்தேன். போதுமா?"

முதலாளி, "ஜெட்டை நீங்க மறந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்களே, அதுதான் நடந்தது. கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தார், சுவருக்கு முதுகைக் காட்டி.

கட்டை எதிரே போய் நின்றான். "கழட்டினது நல்லா ஞாபகம் இருந்துச்சு சார்."

"இருக்கும். கழட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். திரும்பப் போட்டதுதான் ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது. காத்துக் காத்து, போட்டுக் கழட்டி, போட்டுக் கழட்டி…" கையை உதறினார். "நீ சொன்னதை நான் நம்பலைன்னு அக்காகிட்ட கோள் சொன்னியாமே."

"கோள் இல்ல சார். ஆதங்கம்."

"நீ பொய் சொல்றேன்னு நான் எப்பவாவது சொன்னேனா? முட்டாளே. நீ மனசார எடுத்துட்டேன்னுதான் சொல்லுவே. எடுத்திருக்க மாட்டே. இன்னிக்கு நான் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

கட்டை யோசித்தான். "எடுத்துட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"போ. டீ வாங்கிட்டு வா."

டயர் மாற்றிய பிறகு பழைய விமானம் கொஞ்ச காலம் ஓடியது. கேப்டன் ஒருநாளும் "காட்டு" என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கட்டை தானாகவே போய் நின்று மூன்றையும் தூக்கிக் காட்டினான். பயணிகள் படம் பிடித்தார்கள். பிடித்துக்கொள்ளட்டும் என்று இன்னும் கொஞ்சம் நேரம் நின்றான். கேப்டன் மூன்று விரலைக் காட்டுவார். சிடுசிடுப்பு மட்டும் கூடியிருந்தது. பயணிகள் தாமதமாக வந்தால் முன்பு வாய்க்குள் திட்டுவார், இப்போது வெளியே கேட்கிற மாதிரியே திட்டினார். சுவர் பக்கம் நாற்காலியை இழுப்பதில்லை. அழிந்த இடங்கள் அழிந்தபடியே கிடந்தன.

ஜெட் வந்தது. ஓட்டுவதற்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோனான் என்று கட்டை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். கேப்டனிடம் மட்டும் சொல்லவில்லை. ஜெட் வந்த பிறகு பழைய விமானம் எதற்கு? முதலாளி அதை விற்றார். விமானம் போனால் அதை ஓட்டியவரும் போக வேண்டியதுதானே.

கடைசி நாள் கேப்டன் தன் சாமான்களை எடுத்துக்கொள்ள வந்தார். சாமான் என்ன பெரிய சாமான்: ஒரு ஹெட்செட், ஒரு குடை, மாற்றுச் சட்டை ஒன்று. ஜெட் ஷெட்டுக்குள் பளபளவென்று நின்றது. அதன் மூக்கு சரியாக அந்தச் சாக்கட்டிச் சுவரைப் பார்த்திருந்தது. முதலாளியும் சிமெண்ட்காரரும் புது விமானியும் வெளித் தாழ்வாரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சார்," என்று கட்டை மெதுவாகச் சொன்னான், "கதவு திறந்துதான் இருக்கு. ஒருதரம் ஏறி உக்காந்து பாருங்க. நான் இவங்களைப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வெக்கிறேன்."

கேப்டன் ஜெட்டைப் பார்த்தார். கை சட்டைப் பையைத் தடவியது. பையில் இன்னும் சாக்கட்டித் துண்டு கிடந்திருக்க வேண்டும்.

"வேண்டாம்டா. எல்லாப் பொத்தானையும் தொட்டாச்சு."

சாமான் பையைக் கட்டை வாங்கிக்கொண்டான். இருவரும் சரிவில் நின்ற காருக்கு நடந்தார்கள். தாழ்வாரத்திலிருந்து முதலாளி கையை அசைத்தார். கேப்டன் அசைக்கவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியில் கைவைத்தார்.

கட்டை பின்னால் போய்ச் செங்கல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். "எடுத்துட்டேன் சார். கிளம்புங்க."

கேப்டன் சாவியைத் திருகவில்லை. ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தார்.

"காட்டு."

கட்டை காருக்கு முன்னால் வந்து, இடது விளக்குக்கு நேராக நின்று, செங்கல்லை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். மண் உதிர்ந்து முடியிலும் மூக்கிலும் விழுந்தது. தாழ்வாரத்தில் யாரோ சிரித்தார்கள்.

கேப்டன் காரின் முன்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். தலையை வெளியே நீட்டி, எரிச்சலோடு சொன்னார்:

"தெரியலடா. இன்னும் கொஞ்சம் மேல தூக்கு."